ஒரே கைப்பிரதி, பல பதிப்பகங்கள்

இன்று ஒரு மின்னஞ்சல் கண்ணில் பட்டது. நாவல் கைப்பிரதி. பெறுநர் கட்டத்தில் ஏழெட்டுப் பதிப்பகங்களின் முகவரிகள் வரிசையாக.

‘மதிப்பிற்குரிய பதிப்பாளர்களுக்கு’ என்று எல்லோருக்கும் சேர்த்து ஒரே வணக்கம்!

இப்படி வந்தால் யாரும் படிக்க மாட்டார்கள். வேறொருவர் படிப்பார் என்று விட்டுவிடுவார்கள்.

பல இடங்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்புவது தப்பே இல்லை. பதில் வர மாதக்கணக்கில் ஆகும், எழுதியவர் எத்தனை நாள்தான் காத்திருப்பார்? மறைப்பதுதான் தப்பு. கடிதத்தில் ஒரு வரி போதும்: “வேறு சில பதிப்பகங்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். எங்காவது முடிவானால் உடனே தெரிவிக்கிறேன்.”

உங்கள் வகை நூல்களைப் போடுகிற மூன்று நான்கு இடங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொருவருக்கும் தனி மின்னஞ்சல். யூனிகோடில் வேர்டு கோப்பு. பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்து அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும்.

ஓரிடத்தில் ஒப்புக்கொண்டால் அன்றே மற்றவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்காக அதற்கு முந்தைய மாதங்களில் மெய்ப்பு (பிழை திருத்தம்), பக்க வடிவமைப்பு, அட்டை என்று வேலை ஓடும். இன்னொருவரும் உங்கள் நூலை எடுத்து வேலையைத் தொடங்கியிருக்க, டிசம்பரில் போய் “வேறிடத்தில் வருகிறது” என்றால், மெய்ப்புப் பார்த்தவருக்கும் வடிவமைத்தவருக்கும் கொடுத்த கூலி பதிப்பாளர் தலையில்தான் விழும். சிறிய பதிப்பகத்துக்கு அது பெரிய அடி.

பரிசுப் போட்டி என்றால் விதியை முதலில் படியுங்கள். வேறெங்கும் அனுப்பவில்லை என்று உறுதிமொழி கேட்டிருந்தால், முடிவு வரும்வரை அந்தப் பிரதி அங்கே மட்டும்தான்.