முதலில் வைஃபை சிப்பைப் பாருங்கள்

வீட்டுக் கணினியைக் கட்டற்ற மென்பொருள் (யாரும் படித்து, மாற்றி, பகிரக்கூடியது) மட்டுமே கொண்டு ஓட்ட நினைப்பவர்கள், எந்த லினக்ஸ் வழங்கலை, அதாவது லினக்ஸைக் கொண்டு தொகுத்த இயங்குதளத்தைப் போடுவது என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் உங்கள் கணினியில் வைஃபைக்கு எந்த சிப் இருக்கிறது என்று பாருங்கள். எனக்கு முக்கால்வாசி வேலை அங்கேதான் இருந்தது. லிப்ரேஆபீஸ் என்ற அலுவலகத் தொகுப்புக்கும் ஜிம்ப் என்ற படத்திருத்திக்கும் கை பழகியதெல்லாம் அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை.

லினக்ஸின் மையநிரலான கர்னல் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் வருகிறது. ஆனால் பல வைஃபை, கிராஃபிக்ஸ் சிப்கள் தாங்கள் இயங்குவதற்கு ஃபர்ம்வேர் என்ற, சிப்புக்குள் ஓடும் சிறு நிரல் கொண்ட ஒரு கோப்பைக் கேட்கின்றன. அதன் மூலநிரலை, அதாவது மனிதர் படித்து மாற்றக்கூடிய வடிவத்தைத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் தருவதில்லை. இயக்க, படித்து மாற்ற, பிரதி கொடுக்க, மாற்றியதையும் பகிர என்று கட்டற்ற மென்பொருள் தரும் நான்கு உரிமைகளில் பாதிக்கு மேல் அந்தக் கோப்புக்குத் தேறாது. டெபியன் என்ற வழங்கலின் திட்டத்தினர் இப்படிப்பட்ட கோப்புகளை நீண்ட காலம் அதிகாரபூர்வ நிறுவியில் சேர்க்காமல் ஒதுக்கியே வைத்திருந்தார்கள். 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023இல் வந்த டெபியன் 12 முதல் உள்ளே அனுமதித்துவிட்டார்கள். கொள்கையை விட்டுவிட்டார்கள் என்று சிலர் கொதித்தார்கள். எனக்கு அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வைஃபை வேலை செய்யத் தேவையான கோப்பை வைஃபை வழியாக இறக்கிக்கொள் என்றால் புதிதாக வருபவர் எங்கே போவார்?

இருந்தாலும் நான் எடுத்துக்கொண்டது ட்ரிஸ்குவெல் 11 என்ற வழங்கல். உபுண்டு 22.04 என்ற இன்னொரு வழங்கலை அடித்தளமாகக் கொண்டு, கட்டற்றது அல்லாத அனைத்தையும் நீக்கிவிட்டுத் தருகிறார்கள். கர்னலும் அப்படியே. லினக்ஸ்-லிப்ரே என்ற பெயரில், மூடிய, அதாவது மூலநிரல் தராத ஃபர்ம்வேரை ஏற்றும் வசதியையே அகற்றிய கர்னல் அது. நிறுவுவதற்கு முன் பென்டிரைவிலிருந்து நேரடியாக ஓட்டிப் பார்க்க முடியும். கடைசியில் வேறு வழங்கலைப் போடுவதாக இருந்தாலும் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். ட்ரிஸ்குவெலில் ஒரு பாகம் வேலை செய்தால், மூடிய கோப்பு எதையும் ஏற்றாமலேயே அது ஓடுகிறது என்று பொருள்.

என் மேசைக்கணினியில் திரை வந்தது, ஒலி வந்தது, வெப்கேம் வந்தது. வைஃபை மட்டும் வரவில்லை. கர்னலின் பதிவேட்டைத் திறந்தேன். ஃபர்ம்வேர் கோப்பின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், அடைப்புக்குறிகளுக்கு நடுவே ‘டிபிளாப்டு’ (மூடிய கோப்பு நீக்கப்பட்டது என்று பொருள்) என்று பெரிய எழுத்தில் நின்றது. எந்தக் கோப்பு வேண்டும் என்பதைக்கூடச் சொல்வதில்லை. சொன்னால் தேடிப் போய் போட்டுக்கொள்வோம் அல்லவா! இந்தப் பிடிவாதம் எனக்குக் கொஞ்சம் அதிகப்படியாகவே பட்டது.

தீர்வு ஒரு சிறிய யூஎஸ்பி வைஃபை அடாப்டர். அதில் இருக்க வேண்டியது ஏதெராஸ் ஏஆர்9271 சிப். அதற்கான ஃபர்ம்வேரின் மூலநிரலைத் தயாரிப்பாளரே கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டிருக்கிறார். எனவே ட்ரிஸ்குவெலில் செருகியவுடன் வேலை செய்கிறது. வாங்குவதில்தான் வில்லங்கம். கடைகளில் சிப்பின் பெயரை யாரும் சொல்வதில்லை, மாடலின் பெயரைத்தான் சொல்கிறார்கள். ஒரே மாடலின் முதல் வெர்ஷனில் இந்த சிப் இருக்கும். இரண்டாம் வெர்ஷனில் வேறு சிப்பை வைத்திருப்பார்கள். பெட்டியிலும் படத்திலும் வித்தியாசம் தெரியாது. அடாப்டரின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் பொடி எழுத்தில் ‘வி1’ என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செருகிய பிறகு யூஎஸ்பி பட்டியலில் 9271 என்று முடியும் எண் வந்தால் சரியான பொருள் கையில் இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான், வேகமும் ஏட்டளவில் 150 மெகாபிட்தான். வீடியோ அழைப்புக்கும் அன்றாட வேலைக்கும் தாராளமாகப் போதும். பெரிய கோப்புகளை இறக்கும்போது கேபிளைச் செருகிக்கொள்கிறேன்.

கிராஃபிக்ஸில் எனக்கு அதிர்ஷ்டம். பிராசஸரோடு சேர்ந்து வரும் இன்டெல் கிராஃபிக்ஸ்தான் என்னிடம் இருந்தது. அது மூடிய கோப்பு இல்லாமலே ஓடிவிடுகிறது. தனி கிராஃபிக்ஸ் அட்டை வைத்திருப்பவர்கள் யோசித்து இறங்குங்கள். என்விடியாவிலும் ஏஎம்டியிலும் அண்மைக்கால அட்டைகளுக்கு மூடிய ஃபர்ம்வேர் இல்லாமல் முப்பரிமாண வேகம் கிடைக்காது. திரை வரும், விளையாட்டு ஓடாது.

நிறுவல் பற்றி எழுத அதிகம் இல்லை. இறக்கிய கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று செக்சம் சரிபார்த்தேன், கையொப்பமில்லாத இயங்குதளத்தைத் தொடங்க விடாத செக்யூர் பூட் அமைப்பை அணைத்தேன், சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் பகுதியைத் தனியாகப் பிரித்தேன். ஒரு கோப்பை தேநீர் குடித்து முடிப்பதற்குள் முடிந்துவிட்டது.

கணினியை முதலில் எழுப்பும் பயாஸ் மட்டும் இன்னும் மூடியதாகவே இருக்கிறது. லிப்ரேபூட் என்ற கட்டற்ற மாற்றைப் போட்டு அதையும் மாற்ற முடிகிற கணினிகள் உண்டு. திங்க்பேட் எக்ஸ்200 போன்ற பழைய மடிக்கணினிகள் அதற்குப் பெயர் பெற்றவை. என் மதர்போர்டு அந்தப் பட்டியலில் இல்லை. வட்டிலிருந்து ஏற்றப்படும் மூடிய ஃபர்ம்வேர் கூடாது, சிப்புக்குள்ளேயே எழுதி அனுப்பப்பட்டு யாராலும் மாற்றப்படாமல் கிடப்பதை மின்சுற்றின் ஒரு பகுதியாகக் கருதலாம் என்பது கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடு. கோடு போட ஏதோ ஓர் இடம் வேண்டும் என்ற அளவில் அதை ஏற்றுக்கொள்கிறேன். மற்றபடி, அதே மூடிய நிரல் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தால் சரி என்று ஆகிவிடுகிறது. எனக்கு இந்த வாதம் பாதிதான் செரிக்கிறது.

அலுவலகக் கோப்புகளில் ஒரு நெருடல் இருந்தது. வேர்டில் தயாரித்த ஆவணத்தை லிப்ரேஆபீஸில் திறந்தால் அட்டவணையின் கடைசி வரி அடுத்த பக்கத்துக்குத் தள்ளப்பட்டு நின்றது. பலரும் இந்த இடத்தில் லிப்ரேஆபீஸைத் திட்டிவிட்டுத் திரும்பிப் போகிறார்கள். பெரும்பாலும் காரணம் எழுத்துரு. கலிப்ரியும் கேம்ப்ரியாவும் கணினியில் இல்லாததால் அகலம் வேறான இன்னோர் எழுத்துரு அங்கே வந்து உட்கார்ந்துவிடுகிறது. கலிப்ரிக்குப் பதில் கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குப் பதில் கலேடியா என்று, ஒவ்வோர் எழுத்தும் அதே அகலத்தில் அமைந்த கட்டற்ற எழுத்துருக்கள் உண்டு. ஏரியலுக்கும் டைம்ஸ் நியூ ரோமனுக்கும் லிபரேஷன் எழுத்துருக்கள். இவற்றை நிறுவியதும் அட்டவணை தன் பக்கத்துக்கே திரும்பியது.

தமிழ் தட்டச்சு ஐபஸ், எம்17என் என்ற உள்ளீட்டு மென்பொருள்கள் இரண்டையும் சேர்த்ததும் வந்துவிட்டது. தமிழ்99 விசைப்பலகையில் க விசையை இரு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழுகிறது. யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் இருந்த பழைய கோப்புகள் மட்டும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தன. வீட்டில் பழி லினக்ஸ் மீது விழுந்தது. ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நிரலகத்தில் இவற்றை யூனிகோடுக்கு மாற்றும் வசதி இருக்கிறது. மாற்றிக் கொடுத்த பிறகு பழி நீங்கியது.

பிரிண்டர் சண்டை போட்டது. வீட்டில் இருந்த லேசர் பிரிண்டருக்கான டிரைவரின் பெரும்பகுதி கட்டற்றதுதான், ஆனால் கூடவே தயாரிப்பாளரின் மூடிய பிளக்இன் ஒன்றையும் நிறுவச் சொல்லி அடம் பிடித்தது. அந்தப் பிரிண்டரைத் தேவைப்பட்ட ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, டிரைவரே கேட்காத ஒன்றை வாங்கினேன். பெட்டியில் ஏர்பிரிண்ட் (டிரைவர் இல்லாமல் அச்சிடும் ஆப்பிளின் முறை) என்று போட்டிருந்தால் பொதுவாக லினக்ஸின் அச்சு மென்பொருளான கப்ஸ் அதைத் தானே கண்டுபிடித்துக்கொள்கிறது. ஐபோனுக்காகச் செய்த ஏற்பாடு கட்டற்ற கணினிக்கு இவ்வளவு உதவும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

உலாவியில்தான் இன்றும் முழு நிம்மதி இல்லை. ட்ரிஸ்குவெலோடு வருவது ஃபயர்பாக்ஸிலிருந்து உருவான ஏபிரவுசர். ஆனால் வங்கித் தளத்தைத் திறந்தால் பக்கத்தோடு வரும் அவர்களுடைய ஜாவாஸ்கிரிப்ட் நிரல் என் கணினியில்தானே ஓடுகிறது? அதன் உரிமம் என்ன என்று கேட்டால் பதில் கிடையாது. லிப்ரேஜேஎஸ் என்ற நீட்சி இப்படிப்பட்டவற்றைத் தடுக்கும். தடுத்தால் வங்கித் தளமே எழுந்திருக்காது. வங்கிக்கு மட்டும் அதை அணைத்துவைக்கிறேன்.

காணொளி அழைப்புக்கு ஜிட்சி என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. சந்தா கட்டிப் படம் பார்க்கும் தளங்கள்தான் கைவிட்டன. நகலெடுப்பதைத் தடுக்க அவை போடும் டிஆர்எம் பூட்டைத் திறக்கும் வைடுவைன் மூடிய மென்பொருள், ஏபிரவுசரில் அதற்கு இடமில்லை. “படம் ஓடாத கணினிக்கா இவ்வளவு பாடு?” என்றாள் மகள். படமெல்லாம் இப்போது தொலைக்காட்சிப் பெட்டிக்குப் போய்விட்டது. அந்தப் பெட்டிக்குள் ஓடும் மென்பொருள் எந்த உரிமத்தில் இருக்கிறது என்று வீட்டில் யாரும் என்னைக் கேட்பதில்லை. நானும் பேச்சை எடுப்பதில்லை.