சிவப்பு இருக்கிறது, காரம் எங்கே?

ஹங்கேரியின் புடாபெஸ்டில் வந்திறங்கும் நம்மவர்களை முதலில் ஏமாற்றுவது இந்த ஊர்க் கறி சூப்பான குலாஷ்தான். கிண்ணத்தில் செக்கச்செவேலென்று எண்ணெய் மிதக்கும். நாட்டுக்கோழிக் குழம்பு என்றே நாக்கு நம்பிவிடும். வாயில் வைத்தால் காரம் என்ற பேச்சே இல்லை.

அதற்காக ஊரிலிருந்து வந்த மிளகாய்த்தூளைக் கொட்டினால் கதை கெட்டது. நாலு பேர் குலாஷுக்கு இரண்டு மேசைக்கரண்டி பாப்ரிகா, அதாவது இந்த ஊர்க் காரமில்லாத சிவப்பு மிளகாய்த்தூள், போகிறது. நிறம், மணம், லேசான இனிப்பு எல்லாம் அதில்தான். அத்தனை மிளகாய்த்தூள் போட்டால் யாரும் வாய் வைக்க முடியாது. குறைத்தால் சாறு வெளுத்துப்போகும். செகெட், கலோச்சா ஊர்த் தூள்களில் 'எதெஷ்னெமெஷ்' (இனிப்பு வகை) என்று போட்ட பாக்கெட்டை வாங்குங்கள். பழசானால் பழுப்பேறி மணம் போய்விடும், அதனால் சின்னப் பாக்கெட்டே நல்லது.

மாட்டின் கால்சதை 600 கிராம். அது ஆகாத வீட்டில் ஆட்டுக்கறி, இல்லையென்றால் பீன்ஸ் பருப்பு. பீன்ஸ் குலாஷ் இந்த ஊர்க்காரர்களே செய்வதுதான். பெரிய வெங்காயம் மூன்றைப் பொடியாக நறுக்கி, பன்றிக் கொழுப்பிலோ சூரியகாந்தி எண்ணெயிலோ கண்ணாடி போல வதக்க வேண்டும். இந்த இடத்தில் கை தானாகக் கறிவேப்பிலையைத் தேடும். எத்தனை வருஷம் ஆனாலும் தேடும்.

அடுத்துதான் கண்டம். பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டுத்தான் பாப்ரிகாவைப் போட வேண்டும். அதில் சர்க்கரைச் சத்து உண்டு. சூட்டில் நொடியில் கருகும். கருகினால் கசப்பு, எதைப் போட்டும் சரிசெய்ய முடியாது, கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். கிளறியதும் கறியைப் போட்டு ஒரு கை தண்ணீர் தெளித்த பிறகே மீண்டும் அடுப்பு. இரண்டு பல் பூண்டு, ஒரு தேக்கரண்டி சீமைச் சோம்பு (கேரவே), ஒரு தக்காளி, உப்பு. கரம் மசாலா டப்பாவைத் திறக்காதீர்கள்.

சிறு தீயில் ஒன்றரை, இரண்டு மணி நேரம். குக்கரிலும் வைக்கலாம்; விசில் சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப்பார்ப்பார், அவ்வளவே. கறி வெந்த பிறகுதான் ஒன்றரை லிட்டர் வரை தண்ணீர், கேரட், பார்ஸ்லி வேர், 400 கிராம் உருளைக்கிழங்கு. கிழங்கை முதலிலேயே போட்டால் கரைந்து சாறு கூழாகும். கெட்டியாக்க மாவு கரைத்து ஊற்றவே கூடாது, இது சூப்.

கடைசியில் சிபெட்கே, கிள்ளிப் போடும் மாவு உருண்டை. ஒரு முட்டைக்கு 80 முதல் 100 கிராம் மைதா, சிட்டிகை உப்பு, தண்ணீர் வேண்டாம். கெட்டியாகப் பிசைந்து, சுண்டைக்காய் அளவு கிள்ளிக் கிள்ளிக் கொதியில் போட்டால் பத்து நிமிடத்தில் வெந்துவிடும். மாவு தளர்ந்திருந்தால் சாற்றில் கரையும். பிள்ளைகள் கிள்ளட்டும், கோணல்மாணலாக இருந்தால்தான் அழகு.

காரம் கேட்பவருக்கு 'எரோஷ் பிஷ்டா' மிளகாய் விழுது தனியாக. தொட்டுக்கொள்ள ரொட்டி, இதுதான் இங்கே முறை. நமக்கும் பழகிவிட்டது என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். மறுநாள் மிச்சத்தில் சிபெட்கே சாற்றையெல்லாம் உறிஞ்சி உப்பியிருக்கும், ஒரு டம்ளர் வெந்நீர் விட்டுச் சூடாக்குங்கள். சோற்றில் ஊற்றிப் பிசைவதானால் வெந்நீர் விட வேண்டாம், உறிஞ்சியபடியே இருக்கட்டும்.