"ராத்திரி நல்லாத்தான் தூங்குறேன்"

பரம்பரைத் தசைநோய் உள்ளவர்கள் பகல் தூக்கத்தைத் தாமாகச் சொல்வது குறைவு. கூட வந்த மனைவிதான் சொல்வார்: "உக்காந்தாலே சாஞ்சிடறாரு சார்." "ராத்திரி நல்லாத்தான் தூங்குறேன்" என்பார் அவர். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. தூக்கம் இருக்கிறது, அதற்குள் மூச்சுதான் போதவில்லை.

பகல் தூக்கத்தை அளக்கும் எப்வொர்த் என்ற கேள்விப் படிவத்தில் 24க்கு 10ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். ஆனால் அது காரில் போவதைக் கேட்கிறது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறுகிறவரிடம், "கன்னியக்கோயில் வரைக்கும் முழிச்சிருந்தீங்களா?" என்று கேட்டால் பதில் உடனே வரும்.

கனவு வரும் ரெம் தூக்கத்தில் மற்ற மூச்சுத்தசைகள் தளர்ந்து, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானத் தசை ஒன்றே மூச்சை இழுக்கும். அது நலிந்திருந்தால் கார்பன் டை ஆக்சைடு உள்ளேயே தங்கும். காலைத் தலைவலியும் மந்தமும் அதனால்தான். பகலில் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 97 காட்டும், யாரும் ஏமாறக்கூடாது. குழாயில் ஊதி மூச்சின் அளவைப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரியை உட்கார்ந்தும் மல்லாந்து படுத்தும் செய்ய வேண்டும். படுத்ததும் அளவு 25 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் உதரவிதானம் பலவீனம் என்று சந்தேகிக்கலாம். உதடு இறுகாதவருக்குக் குழாயின் ஓரம் காற்று கசிந்து அளவு பொய்யாகக் குறையும். அவருக்கு மாஸ்க் வைத்து ஊதச் சொல்லுங்கள். ரத்தத்தில் பைகார்பனேட் 27ஐத் தாண்டியிருப்பதும் ஒரு துப்பு. ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தம் 45 மி.மீ.க்குக் குறையாமல் இருந்தால், மாஸ்க் வழியே காற்றை அழுத்தி மூச்சுக்கு உதவும் பைபேப் இயந்திரத்தின் பேச்சை எடுக்கலாம்.

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள்: ஆக்சிஜன் சிலிண்டரை மட்டும் வாங்கி வைப்பது. ஆக்சிமீட்டர் எண் ஏறும், கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்தே ஏறும். தூக்க மாத்திரையும் வேண்டாம்.

பைபேப்பை உள்ளிழுப்பு அழுத்தம் 8 முதல் 10, வெளிவிடும் அழுத்தம் 4 என்று மெதுவாகத் தொடங்கி, முதலில் பகலில் விழித்திருக்கும்போதே ஒரு மணி நேரம் பழக்குவோம். மாஸ்க்கின் பட்டையைக் கண்டபடி இறுக்கினால் மூக்குத்தண்டில் புண் வரும். விரலில் பலமில்லாதவரால் மாஸ்க்கைத் தானே கழற்ற முடியாது. வாயையும் மூடும் மாஸ்க் போட்டிருக்கையில் வாந்தி வந்தால் ஆபத்து. அதனால் மூக்கு மாஸ்க்கில் தொடங்கி, கூப்பிட்டால் எழுந்து வர ஒருவர் பக்கத்தில் படுக்க வேண்டும்.

மயோடானிக் டிஸ்ட்ரோபி தனிக் கதை. கையைக் குலுக்கினால் பிடித்த விரல் சட்டென்று விரியாதே, அந்த நோய். அதில் மூளையிலிருந்தே தூக்கம் வருவதால், மூச்சைச் சரிசெய்த பிறகும் அது விடாமல் இருக்கலாம். விழிப்பாக வைக்கும் மோடாஃபினில் மாத்திரை தரும் முன் ஈ.சி.ஜி. பார்த்தே ஆக வேண்டும், இதயத்தின் மின் கடத்தலும் அந்த நோயில் கெடும்.

2011 டிசம்பர் 30இல் தானே புயல் கரையைக் கடந்தபின் கடலூரில் பல நாள் மின்சாரம் இல்லை. பைபேப் வீட்டில் இன்வெர்ட்டரும் இருக்க வேண்டும். மின்சாரம் போனால் முதலில் பைபேப்பின் ஈரப்பதமூட்டியை அணையுங்கள், பேட்டரியை அதிகம் தின்பது அதன் சூடுதான்.