வனமாக நிற்கும் பெருமாள்

வடநாட்டு வனத் தலமான நைமிசாரணியத்தின் மேல் திருமங்கையாழ்வார் அருளிய பத்துப் பாசுரங்களையும் அப்பா ஒரு நாளும் விடாமல் ஓதிச் சேவித்து வந்தார். அவர் பரமபதித்த பின், அந்தத் தலத்திலேயே ஒருமுறை அவற்றைச் சேவித்துவிட வேண்டும் என்று அம்மா வேண்டிக்கொண்டார். எழுபத்தெட்டு வயதில் ரயிலேறியதும் அதற்காகத்தான்.

லக்னோவிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். சீதாபூர் மாவட்டத்துக்குள் நுழைந்ததும் மேடென்பதே கண்ணில் படாத சமவெளி. மேற்கே கோமதியும் கிழக்கே காக்ராவும் பாயும் வண்டல் பூமியில் கரும்பும் கோதுமையும், இடையிடையே மாந்தோப்புகளும். கரும்பு ஏற்றிய டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்த வண்டியில், "காடு எப்பப்பா வரும்?" என்று அம்மா கேட்டுக்கொண்டே வந்தார். காடு வரவில்லை, ஊர்தான் வந்தது.

அப்பாவுக்குத் தர்ப்பணம் செய்ய அமாவாசையைத் தேர்ந்தெடுத்தவன் நான்தான். ஆனால் வட்டமான சக்கர தீர்த்தத்தில் கால் வைக்க இடமில்லாத அந்தக் கூட்டத்தை நான் நினைத்துப் பார்க்கவில்லை. சங்கல்பத்துக்கு ஒரு தொகை பேசிய பண்டா (தீர்த்தத்துப் புரோகிதர்), இடுப்பளவுத் தண்ணீரில் நாங்கள் நின்ற பிறகு அதை மூன்று மடங்காக்கினார். பித்ரு காரியத்தின் நடுவே பேரம் பேச மனமில்லாமல் கொடுத்தேன். அந்த எரிச்சல், வியாசரின் பீடமான 'வியாஸ் கத்தி' வரை என்னோடு வந்தது.

அங்கே பழைய ஆலமரத்தடியில் அம்மா நின்றுவிட்டார். இத்தலத்தில் எம்பெருமான் வனரூபியாக இருப்பதை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மரத்தின் மேல் கை வைத்துச் சேவிக்கத் தொடங்கினார். வாழ்நாளை வீணாக்கிவிட்டேனே என்று ஆழ்வார் வருந்தி, பாசுரந்தோறும் "நைமிசாரணியத்துள் எந்தாய்" என்று வந்து விழும் இடத்தில் அவர் குரல் ஒவ்வொரு முறையும் தழுதழுத்தது. எட்டாம் பாசுரத்தின் நடுவே அவருக்கு அடி மறந்துபோனது. ஒரு நாளும் உட்கார்ந்து கற்காத என் வாயில் அது வந்தது; காலை அவசரத்தில் செருப்பு மாட்டிக்கொண்டே அரைகுறையாகக் கேட்ட அப்பாவின் குரல், அதே இழுப்போடு வந்தது. அம்மா திரும்பிப் பார்த்தார். மீதியை இருவருமாகச் சேவித்தோம்.

லலிதா தேவி, ஹனுமான் கடி, மிஸ்ரிக்கில் ததீசி குண்டம் எல்லாம் போனோம். எது முன், எது பின் என்று சொல்லத் தெரியவில்லை. பெருமாளே, அம்மாவின் வேண்டுதலுக்குத் துணையாகத்தானே வந்தேன், எனக்கும் சேர்த்தல்லவா கொடுத்துவிட்டாய்!