போர்ட் சார்ல்ஸ் நகரத்தை வரைந்து பார்த்தல்

அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 1963 ஏப்ரல் 1 முதல் இன்றுவரை ஒளிபரப்பாகிவரும் 'ஜெனரல் ஹாஸ்பிடல்' என்னும் பகல்நேரத் தொடரின் கதை, போர்ட் சார்ல்ஸ் என்னும் கற்பனை நகரத்தில் நடக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் துறைமுக ஊர் என்பதற்கு மேல் கதாசிரியர்கள் அதன் இருப்பிடத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. அந்த நகரத்துக்கு ஒரு வரைபடமும், அங்கே வாழ்பவர்களுக்கு ஒரு காலவரிசையும் தயாரிப்பதைச் சில காலமாக என் பொழுதுபோக்காக வைத்திருக்கிறேன். அந்த வேலை இப்போது எந்த நிலையில் நிற்கிறது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

வேறு ஊர்களையும் யோசிக்காமல் இல்லை. 'தி யங் அண்ட் தி ரெஸ்ட்லெஸ்' தொடரின் ஜெனோவா சிட்டி விஸ்கான்சின் மாநிலத்தில் உண்மையிலேயே இருக்கும் ஒரு சிற்றூரின் பெயர். பெருநிறுவனங்களும் கோடீஸ்வரர்களும் நிறைந்த தொடரின் நகரத்தை அந்தச் சிற்றூரின் மேல் பொருத்தவே முடியாது. 'டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்' தொடரின் சேலம் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதே உறுதியாகச் சொல்லப்படவில்லை. 1937இல் வானொலியில் தொடங்கி 2009இல் தொலைக்காட்சியில் முடிந்த 'கைடிங் லைட்' தொடரோ, ஃபைவ் பாயின்ட்ஸ், செல்பி ஃபிளாட்ஸ், ஸ்பிரிங்ஃபீல்டு என்று ஊரையே இரண்டு முறை மாற்றிக்கொண்டது. போர்ட் சார்ல்ஸுக்குக் குறைந்தபட்சம் ஒரு கரையும் ஒரு தீவும் இருக்கின்றன. எல்லைக்கோடு ஒன்று கிடைத்துவிட்டால் மீதியை வரையத் துணிவு வந்துவிடும்.

கிராஃப் தாளை அடியில் வைத்து, பத்தாண்டுக்கு ஒன்றாகப் பட்டர் பேப்பரை அதன் மேல் அடுக்கி வரைகிறேன். திரையில் காட்டப்பட்ட இடத்துக்குக் கறுப்பு மை, வசனத்தில் மட்டும் வந்த இடத்துக்கு நீல மை, நானாக ஊகித்ததற்குப் பென்சில். இந்த ஒழுங்கு இல்லாமல் இறங்கினால், எது தொடரின் கூற்று, எது என் ஆசை என்பது சில வாரங்களிலேயே குழம்பிப்போகும்.

1960களுக்கான தாள் ஏறக்குறைய வெறுமையாகவே இருக்கிறது. ஃபிராங்க் ஹர்ஸ்லி, டோரிஸ் ஹர்ஸ்லி தம்பதியர் உருவாக்கிய தொடக்ககாலக் கதை, மருத்துவமனையின் ஏழாம் மாடியில் மருத்துவர் ஸ்டீவ் ஹார்டியையும் செவிலியர் ஜெஸ்ஸி புரூவரையும் சுற்றியே நகர்ந்தது. ஊருக்குப் பெயர்கூட 1970களில்தான் கிடைத்தது. ஆகவே அந்தத் தாளில் ஒரே ஒரு கட்டடத்தைத்தான் வரைந்திருக்கிறேன். அதையும் பெயரில்லாத ஒரு தெருவில் நிறுத்தியிருக்கிறேன். தலைப்புக் காட்சியில் நெடுங்காலம் இடம்பெற்ற கட்டடம் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டப் பொது மருத்துவமனை என்பதால், அதன் வெளித்தோற்றத்தை வைத்துச் சுற்றுப்புறத்தை ஊகிக்கும் வழியும் அடைபட்டுவிட்டது.

1978இல் குளோரியா மான்ட்டி தயாரிப்புப் பொறுப்பை ஏற்ற பிறகு கதை மருத்துவமனையை விட்டு வெளியே ஓடத் தொடங்கியது. என் தாளும் நிரம்பத் தொடங்கியது. மாடியில் வாடகை அறைகள் கொண்ட கெல்லிஸ் உணவகம், குவார்ட்டர்மெய்ன் குடும்பத்தின் மாளிகை, படகுத்துறை ஆகியவை நிலையான இடங்களாகின்றன. இவற்றுள் படகுத்துறைதான் என்னை அதிகம் படுத்தியது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போகிறவரும், வீட்டிலிருந்து உணவகத்துக்குப் போகிறவரும், யாரையாவது மிரட்டப் போகிறவரும் அந்தத் துறையின் வழியாகத்தான் போகிறார்கள். போகும்போது பிறர் பேசும் ரகசியம் தவறாமல் அவர்கள் காதில் விழுகிறது. வாரத்துக்கு ஐந்து நாள் ஒளிபரப்பாகும் தொடரில் ஒரு நாள் படப்பிடிப்புக்குச் சில செட்டுகளையே போட முடியும் என்பதும், போட்டிருக்கும் செட்டிலேயே எல்லோரும் சந்தித்தாக வேண்டும் என்பதும் தெரிந்தால் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. எனவே பயண நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும் முறையை முற்றிலும் ஒதுக்கிவிட்டு, எந்தக் கதவு எதற்குத் திறக்கிறது, எங்கே போகப் படகு வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கான விடைகளை மட்டும் சான்றாக எடுத்துக்கொண்டேன். அதன் பிறகுதான் வரைபடம் ஓர் ஊரைப் போலத் தோன்ற ஆரம்பித்தது.

இதுவரை அதிக நேரத்தை விழுங்கியது 1996ஆம் ஆண்டுதான். அந்த ஆண்டில் கதையின் பணக்கார வில்லன் குடும்பமான காசடைன் குடும்பத்தினர் வந்து சேர, ஸ்பூன் ஐலண்டு என்னும் தீவும் அதன் மேல் விண்டமியர் மாளிகையும் கதைக்குள் வருகின்றன. அதற்கு முன் துறைமுகக் காட்சிகளில் யாரும் பொருட்படுத்தாத தீவு, திடீரென்று எல்லோருக்கும் தெரிந்த தீவாகிவிடுகிறது. முந்தைய பத்தாண்டுகளின் தாள்களில் அதைப் பென்சிலால் புள்ளியிட்டு வைத்திருக்கிறேன். நிலம் திடீரென முளைக்காது என்பதை மட்டுமே நம்பிச் செய்த ஏற்பாடு அது.

அதே ஆண்டில் காலவரிசையும் சிக்கலாகிறது. தொடரின் நாயகிகளில் ஒருத்தியான லாராவின் மகன் நிக்கோலஸ், எலும்பு மஜ்ஜை தேவைப்படும் தன் தங்கை லூலுவைக் காப்பாற்ற வருகிறான். அவன் பிறந்ததோ, லாரா 1982இல் காணாமல் போய் 1983இன் இறுதியில் திரும்பி வந்த இடைவெளியில் நடந்ததாகக் கதாசிரியர்கள் பின்னாளில் செருகிய சம்பவம். அந்தக் கணக்குப்படி 1996இல் அவனுக்கு 14 வயதைத் தாண்ட வழியில்லை. திரையில் வருபவனோ அதைவிட மூத்தவனாகத் தெரிகிறான். 1994இல் பிறந்த லூலு 2005இல் பதின்பருவத்தின் பிற்பகுதியில் நிற்கிறாள். 1997இன் இறுதியில் பிறந்த மைக்கேல் என்னும் சிறுவன் 2008இல் சுடப்பட்டுக் கோமாவில் கிடந்து, 2009இல் கண் விழிக்கும்போது வளர்ந்த இளைஞனாக இருக்கிறான். கோமாவில் இருந்தவனுக்கு ஒன்றரை ஆண்டில் ஐந்தாறு வயது கூடியதைப் பற்றி அந்த மருத்துவமனையில் எந்த மருத்துவரும் கேள்வி கேட்கவில்லை. பகல்நேரத் தொடர்களில் குழந்தைகள் இப்படித் திடீரென்று வளர்வது வழக்கம் என்பதால், ஒவ்வொருவருக்கும் திரையில் பிறந்த ஆண்டு, திருத்தப்பட்ட பிறந்த ஆண்டு என இரண்டு பத்திகள் போட்டுவிட்டேன். இரண்டுக்கும் நடுவில் சமரசம் தேடுவது வீண் என்பது என் கருத்து. நேற்றைய கதையைவிட இன்றைய கதைக்கே ஆட்கள் தேவை. காதல் கதைக்குப் பதினொரு வயதுச் சிறுவன் உதவமாட்டான்.

இப்போது கையில் இருப்பது 2012க்கான தாள். 'ஒன் லைஃப் டு லிவ்' தொடர் அந்த ஜனவரியில் ஏபிசியில் முடிந்ததும், பென்சில்வேனியாவின் லான்வியூவிலிருந்து அந்தத் தொடரின் கதாபாத்திரங்களான டாட், ஸ்டார், ஜான் மெக்பெய்ன் ஆகியோர் போர்ட் சார்ல்ஸுக்கு வந்தார்கள். அவ்வளவு சுலபமாக வர முடிந்தால் இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு சாலை இருந்தாக வேண்டும் என்று தாளின் தெற்கு விளிம்பில் ஒரு கோடு இழுத்திருக்கிறேன். அது பென்சில்தான். அடுத்த ஆண்டிலேயே, அந்தக் கதாபாத்திரங்களின் உரிமையைப் பெற்றிருந்த பிராஸ்பெக்ட் பார்க் நிறுவனம் ஏபிசி மீது வழக்குத் தொடுத்தது. அந்தப் பாத்திரங்களைத் தொடர முடியாமல் போக, அதே நடிகர்கள் ஃபிராங்கோ, கிகி, சைலஸ் கிளே என்ற வேறு மனிதர்களாக அதே ஊரில் நடமாடத் தொடங்கினார்கள். இடத்துக்கும் வயதுக்கும் மட்டுமே பத்தி வைத்திருந்த என் விரிதாளில் நடிகருக்கென ஒரு பத்தியையும் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அது நிரம்பியதும், பழைய தாள்களில் உள்ளவர்களுக்கும் பின்னோக்கிப் போய் நடிகர் பெயர்களைக் குறிக்க வேண்டும்.