திரைப்பதிவுகளுக்கு மதிப்பெண் இடுதல்: ஒரு கணினி ஆசிரியையின் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 4, 2025, திங்கள், குடியாத்தம்

பதினொன்றாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பிரிவு மாணவர்களின் திரைப்பதிவுகள் ஏறக்குறைய எல்லாமே வந்து சேர்ந்துவிட்டன. கால்க் விரிதாளில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டும், திரையோடு குரலும் பதிவாக வேண்டும், ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது, கணக்கு அவரவர் வீட்டிலிருந்தோ தெருவிலிருந்தோ வர வேண்டும் என்பதே நான் கொடுத்த வேலை. மொத்தம் 20 மதிப்பெண். அதில் 8 மதிப்பெண்ணை ஒரே கேள்விக்கு ஒதுக்கியிருக்கிறேன்: விஷயம் தெரியாத ஒருவர் இந்தப் பதிவை மட்டும் பார்த்துவிட்டு அதே வேலையைத் தாமாகச் செய்துவிட முடியுமா? மீதி மதிப்பெண்ணைச் சூத்திரம் சரியாக இருப்பதும், படிகளின் வரிசையும், பேச்சின் தெளிவும் பங்கிட்டுக்கொள்ளும். பின்னணி இசைக்கு ஒன்றும் கிடையாது என்று வகுப்பிலேயே சொல்லியிருந்தேன். இருந்தும் பலர் இசை போட்டிருக்கிறார்கள். வயது அப்படி.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கருவியின் குறையை மாணவர் தலையில் கட்டக் கூடாது என்பதால், மதிப்பெண் பக்கம் போகாமல் பதிவுகளின் தரத்தை மட்டும் இன்று பார்த்தேன். ஒரு மாணவன் “இந்த மெனுவைத் திறந்து இதைத் தேர்ந்தெடுக்கணும்” என்கிறான்; திரையிலோ மெனுவே திறக்கவில்லை. திரையைப் பதிவு செய்ய உதவும் ஓபிஎஸ் மென்பொருளில் ஒரு ஜன்னலை மட்டும் பதிவு செய்யும் முறையைத் தேர்ந்தெடுத்தால், கீழ்விரியும் மெனுக்கள் பதிவில் விடுபட்டுப்போவதுண்டு. முழுத் திரையையும் பதிவு செய்திருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காது. வேறு சிலர் விண்டோஸில் கூடவே வரும் கேம் பாரில் பதிவு செய்திருக்கிறார்கள். அது ஒரு செயலியின் ஜன்னலை மட்டுமே பிடிக்கும்; கோப்புகளைத் திறந்து காட்டும் பகுதியையும் டெஸ்க்டாப்பையும் பிடிக்காது. ஆகவே கோப்பை எங்கே சேமித்தார்கள் என்ற படி அந்தப் பதிவுகளில் இல்லை. இவர்கள் எல்லோரும் மறுபடி பதிவு செய்து தரலாம் என்று அறிவித்துவிட்டேன்.

கைப்பேசியில் பதிவு செய்த ஒருவருடையதில், நடுவே வங்கிக் குறுஞ்செய்தி ஒன்று திரையின் மேலே எட்டிப் பார்த்தது. அதோடு பார்ப்பதை நிறுத்திவிட்டு, அறிவிப்புகளை அடக்கிவைத்துப் புதிதாகப் பதிவு செய்யச் சொன்னேன். பழைய கோப்பை என் கணினியிலிருந்து அழித்தாயிற்று.

ஆகஸ்ட் 6, புதன்

வாட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பியவை சுருங்கி, கட்டங்களுக்குள் இருக்கும் எண்களைப் படிக்க முடியாமல் இருக்கின்றன. டாக்குமெண்டாக அனுப்பினால் சுருங்காது. இன்று இதைச் சொல்லியே பாடவேளை போயிற்று.

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்று பார்த்தவற்றில் ஒன்றைப் பற்றி விரிவாக எழுதத் தோன்றுகிறது. ஒரு மாணவி தன் அம்மா பீடி சுற்றும் கணக்கை எடுத்துக்கொண்டிருக்கிறாள். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு, நாற்பது கட்டு ஆயிரம், ஆயிரத்துக்கு இவ்வளவு கூலி என்று முதலில் கணக்கின் அடிப்படையைச் சொல்லிவிடுகிறாள். கூலியை ஈ1 என்ற கட்டத்தில் வைத்து, பி3-இல் உள்ள எண்ணிக்கையை அதனால் பெருக்கி ஆயிரத்தால் வகுக்கிறாள். முதல் வரிசையில் தொகை சரியாக வருகிறது. மூலையைப் பிடித்துக் கீழே இழுத்ததும் மற்ற வரிசைகள் எல்லாவற்றிலும் சைபர்.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தை வெட்டியெறிந்திருப்பார்கள். அவள் சுட்டியை ஒரு சைபரின் மேல் கொண்டுபோய் நிறுத்தி, மேலே சூத்திரம் தெரியும் பட்டையில் ஈ2 என்று மாறியிருப்பதைக் காட்டி, “கூலி இருக்கற கட்டமும் கூடவே கீழ எறங்கிடுச்சு, அங்க ஒண்ணுமே இல்ல, அதான் சைபர்” என்கிறாள். பிறகு முதல் வரிசைக்குத் திரும்பி, ஈ1-இல் உள்ள 1 மாறாமல் நிற்பதற்காக அதன் முன்னால் டாலர் குறியைத் தட்டச்சு செய்து, மறுபடி இழுக்கிறாள். அவள் பேசும் இடத்தில்தான் சுட்டி நிற்கிறது. சுட்டி நகரும்போது அவள் பேசுவதில்லை. பின்னால் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது, அதற்காக அரை மதிப்பெண்கூடக் குறைக்கப்போவதில்லை.

ஆகஸ்ட் 9, சனி

நேற்று வெளியான மாநிலக் கல்விக் கொள்கையின்படி, 2017-18ஆம் கல்வியாண்டில் தொடங்கிய பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு இந்த ஆண்டு முதல் இல்லை. அப்படியானால் பள்ளிக்குள் நாங்கள் இடும் மதிப்பெண்ணுக்கு முன்பைவிடப் பொறுப்பு கூடுகிறது என்பதே என் எண்ணம். ஒருவர் கண் மட்டும் போதாது என்று, எங்கள் வணிகவியல் ஆசிரியரிடம் சில பதிவுகளைக் கொடுத்து, என் மதிப்பெண்ணைக் காட்டாமல் தனியே போடச் சொன்னேன்.

பெரும்பாலானவற்றில் எங்களுக்குள் வேறுபாடு அதிகமில்லை. சரளமான ஆங்கிலத்தில் பேசி, அழகிய முகப்போடு ஒரு மாணவன் செய்திருந்த பதிவில் மட்டும் அவர் 18 போட்டிருக்க, நான் 11 போட்டிருந்தேன். ஒருவரிடம் ஒரு நல்ல அம்சத்தைக் கண்டால் மற்ற அம்சங்களுக்கும் நம் கை தாராளமாக நீள்கிறது என்பதை, ராணுவ அதிகாரிகள் தம் கீழ் இருந்தவர்களை மதிப்பிட்ட விதத்தை ஆராய்ந்து, தார்ண்டைக் என்ற உளவியலாளர் 1920-லேயே எழுதியிருக்கிறார். அவரைச் சொன்னால் வணிகவியல் ஆசிரியர் ஒத்துக்கொள்வாரா? “பையன் தைரியமா பேசறான் மேடம், அதுக்கு மதிப்பு இல்லையா?” என்றார். உண்டு, பேச்சின் தெளிவுக்கு அவனுக்கு முழு மதிப்பெண் கொடுத்தேன். எட்டு மதிப்பெண் கேள்விதான் எங்களுக்குள் தகராறு.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தகராறைத் தீர்க்க, கால்க் பக்கமே போகாத ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனை ஹைடெக் லேபுக்கு அழைத்து, இரண்டு பதிவுகளையும் போட்டுக் காட்டி, பார்த்துப் பார்த்துச் செய்யச் சொன்னோம். பீடிக் கணக்கை இரண்டு இடங்களில் நிறுத்தி நிறுத்திப் பார்த்து முடித்துவிட்டான். ஆங்கிலப் பதிவில் பாதியிலேயே நின்றுவிட்டு, “மிஸ், அந்த அண்ணா எத அமுக்குனாருன்னே தெரியலியே” என்றான். சிக்கல் மொழியில் இல்லை. விசைப்பலகையில் அழுத்தும் சுருக்குவிசைகள் திரைப்பதிவில் தெரியாது. வாயால் சொன்னால்தான் உண்டு. அந்த மாணவன் மளமளவென்று அழுத்திக்கொண்டே போகிறான், பார்ப்பவருக்கு அட்டவணை தானாக நிரம்புவதாகத் தெரிகிறது. வணிகவியல் ஆசிரியர் தம் மதிப்பெண்ணை 13 ஆக்கினார். அதற்குக் கீழே வர மாட்டேன் என்றும் சொன்னார். சராசரியாக 12 என்று முடிவு செய்தோம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

குறிப்புகளைத் திருப்பிக் கொடுத்தேன். “நன்று”, “இன்னும் முயல்க” போன்றவற்றை எழுதவில்லை. பதிவின் எந்த நிமிடம், எந்த நொடியில் என்ன நடந்தது என்று மட்டுமே எழுதினேன். 12 வாங்கிய மாணவன் மதிய இடைவேளையில் வந்து, தெரிந்தவர்களுக்குச் சுருக்குவிசைதான் விரைவு என்று வாதாடினான். அவன் சொன்னது உண்மைதான். ஆனால் தெரிந்தவர்களுக்குச் செய்முறை விளக்கம் எதற்கு என்று கேட்டேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மெனு வழியாக ஒருமுறை, விசை வழியாக ஒருமுறை காட்டினால் ஐந்து நிமிடத்துக்கு மேல் போகுமே என்றான். முகப்பையும் இசையையும் எடுத்துவிட்டால் நேரம் கிடைக்கும் என்றேன். திங்கட்கிழமைக்குள் மறுபதிவு தருவதாகச் சொல்லியிருக்கிறான்.