ஆரல்வாய்மொழிக் காற்றும் தூத்துக்குடி கொதிகலனும்

"காத்தாடி இவ்வளவு நிக்குதே, பிறகு கரி எதுக்கு மக்கா?" என்கிறான் கூட்டுக்காரன் ஒருத்தன். ஆனி, ஆடியில், காற்றாலைகள் நிறைந்த ஆரல்வாய்மொழியில் நின்று பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

காற்றாலை மின்சாரம் பெருகும்போது அனல்மின் உற்பத்தியைக் குறைக்க வேண்டியிருக்கும். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் 210 மெகாவாட் அலகுகள் (தனித்தனியே மின்சாரம் தயாரிக்கும் பிரிவுகள்) ஐந்து. முதலாவது 1979-ல் ஓடத் தொடங்கியது. இப்படிப்பட்ட அலகைப் பாதிச் சுமையில் ஓட்டினால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எரியும் நிலக்கரி கூடும். நிறுத்தினாலோ, ஆறிய கொதிகலனைத் திரும்பப் பற்றவைக்க எண்ணெய் வேண்டும், அது இன்னும் விலை. சூடாகி ஆறி, சூடாகி ஆறிக் குழாயில் விரிசல் விழும். ஒரு சின்ன ஓட்டையில் நீராவி சீறினால் போச்சு: அலகை நிறுத்தி, ஆள் உள்ளே இறங்கும் அளவுக்கு ஆறவிட்டு, அந்தத் துண்டை வெட்டியெடுத்துப் புதுத் துண்டை வெல்டிங் செய்யணும். ஓடாத நாளிலும் கடன் வட்டி, சம்பளம் நிற்காது.

சரி, ஐப்பசியில் காற்று படுத்துவிட்டால் அந்தக் கூட்டுக்காரன் வீட்டு மிக்சியை எதில் ஓட்டுவானாம்?